அரும்பொருள் சேர்ப்பது யார்பொருட்டு?

சேர்த்துவைக்கும் வேட்கை மக்கட்கு இயற்கையாய் அமைந்ததொன்று. சிறுவன் ஆற்றங்கரையிற் கூழாங்கற்களைப் பொறுக்கிப் பையை நிரப்புகின்றான். சிறுமி மயிலிறகொன்றைப் புத்தகத்தினுள் வைத்து, அது குட்டி போடும் என்று நாள்தோறும் திறந்து பார்க்கின்றாள். ஆண்டு முதிர முதிரக் கூழாங்கல் பழங்காசாக மாறுகின்றது. மயிலிறகு ஓவியமாக மாறுகின்றது. வேட்கை மட்டும் மாறுவதில்லை. எறும்பு சேர்ப்பது மழைக்காலத்து உணவுக்கு. தேனீ சேர்ப்பது தன் கூட்டத்தின் வாழ்வுக்கு. மனிதனோ உண்ணவும் உடுக்கவும் உதவாத பொருளைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, துடைத்தும் பூட்டியும் காத்து நிற்கின்றான். அரசாங்கங்களும் அவ்வாறே செய்கின்றன. மாளிகை எழுப்பி, காவலரை நிறுத்தி, உடைந்த சிலைகளையும் மங்கிய படங்களையும் போற்றுகின்றன. இது பேதைமையா, அறிவுடைமையா? அறிவுடைமையாயின் அதன் எல்லை யாது? இவற்றைச் சிறிது ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் அரும்பொருட் காட்சிசாலை 1851-ஆம் ஆண்டில், கல்லூரி என்று வழங்கிய கட்டடமொன்றில் தொடங்கப்பெற்றது. 1854-இல் இப்போதுள்ள இடத்திற்கு மாறியது. அதன் முதல் தலைவரான எட்வர்ட் பால்பர் என்பார் காட்சிசாலைத் தோட்டத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வளர்த்தார். பின்னாளில் அவ்விலங்குகள் வேறிடம் சென்றன. ஊரார் விலங்குகள் உள்ள இடத்தை 'உயிர் காலேஜ்' என்றும், காட்சிசாலையைச் 'செத்த காலேஜ்' என்றும் வழங்கலாயினர். கல்லாதார் இட்ட பெயரென்று இதனை நகைத்துத் தள்ளுதல் தகாது. அப்பெயரில் ஓர் ஒப்புதலும் ஒரு குற்றச்சாட்டும் உள்ளன. 'காலேஜ்' என்றமையால் அது கற்குமிடம் என்பதை மக்கள் ஒப்புக்கொண்டனர். 'செத்த' என்றமையால், பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்துக் கண்ணாடிக்குள் வைத்த பொருள் உயிரிழந்தது என்று குற்றஞ்சாட்டினர். அரும்பொருள் சேர்ப்போர் அனைவரும் விடைகூற வேண்டிய வினா இதுவே.

முதற்கண், தனிமனிதர் ஏன் சேர்க்கின்றனர் என்பதை நோக்குவோம். அழகின்பால் உள்ள காதலாற் சேர்ப்பார் சிலர். அறிவு வளர்ச்சிக்காகச் சேர்ப்பார் சிலர். பிறரிடம் இல்லாதது தம்மிடம் உண்டென்னும் பெருமிதத்தாற் சேர்ப்பார் பலர். இன்று வாங்கி நாளை மும்மடங்கு விலைக்கு விற்கலாம் என்று சேர்ப்பாரும் உளர். ஒரே மனிதரிடத்தில் இந்நான்கும் கலந்திருத்தலும் இயல்பு. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் இளமையிற் சுவார்ட்சு ஐயரிடம் கல்வி பயின்றவர். அவர் ஏட்டுச் சுவடிகளையும், மேனாட்டு நூல்களையும், படங்களையும் திரட்டிச் சரசுவதி மகாலை வளம்படுத்தினார். அவர் திரட்டியபோது அரசர்க்குரிய பெருமிதமும் உள்ளத்தில் இருந்திருக்கலாம். ஆயின் 1832-இல் அவர் மறைந்த பின்னும் அந்நூல்கள் கற்பார்க்குப் பயன்பட்டு வருகின்றன. பெருமிதம் அவரோடு சென்றது. பயன் நம்மிடம் நின்றது.

இங்ஙனம் நில்லாத செல்வத்தைத் திருவள்ளுவர் விட்டுவைக்கவில்லை. 'நன்றியில் செல்வம்' என்று ஓரதிகாரமே வகுத்து, பெற்றும் பயன்கொள்ளாதானை இடித்துரைக்கின்றார். களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்ட எண்ணிய செல்வனைப்பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையும் இக்கருத்தினதே. தானே காணவும் பிறர் காணாதிருக்கவும் ஒரு பேரழகை அடைத்துவைப்பவன், அக்களஞ்சியக்காரனின் உடன்பிறந்தான் என்றே யான் கருதுகின்றேன்.

தனிமனிதர் தொகுத்தது பொதுமக்கள் உடைமையாக மாறும்போது காட்சிசாலை பிறக்கின்றது. இங்கிலாந்தில் வாழ்ந்த மருத்துவர் சர் ஹான்ஸ் ஸ்லோன் 71,000-க்கு மேற்பட்ட பொருள்களைச் சேர்த்தார். தம் மக்களுக்கு 20,000 பவுன் கொடுத்தால் நாடு அவையனைத்தையும் பெற்றுக்கொள்ளலாம் என்று விருப்பமுறி எழுதிவைத்து 1753-இல் இறந்தார். அத்தொகுதியிலிருந்து எழுந்த பிரிட்டிஷ் காட்சிசாலை 1759-இல் திறக்கப்பட்டது. பிரான்சு நாட்டில், அரசர்க்கே உரியனவாயிருந்த ஓவியங்களைப் புரட்சியாளர் 1793-இல் லூவர் மாளிகையிற் குடிமக்கள் காணத் திறந்துவைத்தனர். மன்னன் மட்டும் கண்ட ஓவியத்தைச் செம்மானும் தச்சனும் கண்ட நாள் உலக வரலாற்றில் ஒரு நன்னாள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் நன்னாளுக்கும் நிழல் உண்டு. ஸ்லோனின் செல்வத்தில் ஒரு பகுதி, அவர் மனைவி வழியாக வந்த ஜமெய்க்காக் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அடிமைகளின் வியர்வையிலிருந்து வந்தது. லூவர் மாளிகையை நிரப்ப நெப்போலியனின் படைகள் இத்தாலிய நகரங்களைக் கொள்ளையிட்டன. வெனிசு நகரத்துத் தேவாலய முகப்பில் நின்ற நான்கு வெண்கலக் குதிரைகள் 1797-இல் பாரிசுக்குக் கொண்டுபோகப்பட்டு, அவன் வீழ்ந்த பின் 1815-இல் மீண்டன. அக்குதிரைகளையோ வெனிசு நகரத்தாரே 1204-இல் கான்ஸ்தாந்திநோபிளைச் சூறையாடியபோது கொணர்ந்தனர்! அழகிய பொருளொன்றைக் கண்டு வியக்கும்போதே, 'நீ இங்கு எவ்வாறு வந்தாய்?' என்று அதனை வினவுதல் வேண்டும் என்பதற்கு இக்குதிரைகளினும் சிறந்த சான்று வேண்டா.

இனிக் காட்சிசாலைகளின் நன்மையை நடுநிலையாக எடுத்துரைப்போம். முதல் நன்மை, அழிவினின்று காத்தல். கிருஷ்ணைக் கரையிலுள்ள அமராவதியில் பெரிய பௌத்தத் தூபி ஒன்று இருந்தது. அதன் பளிங்கு போன்ற கற்களை ஊரார் வீடு கட்டுவதற்குப் பெயர்த்தனர். எஞ்சியவற்றைச் சுண்ணாம்புக்காக நீற்றினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் காலின் மெக்கன்சி அங்குச் சென்றார். பின்னர் மீண்டும் சென்று எஞ்சிய கற்களை ஆட்களைக்கொண்டு படம் வரைவித்தார். 1845-இல் வால்டர் எலியட் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவர்கள் செல்லாதிருப்பின், இன்று எழும்பூரில் நாம் காணும் அமராவதிச் சிற்பங்கள் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் வெள்ளையாய்ப் பூசப்பட்டிருக்கும். ஆனால் அக்கற்களில் நூற்றுக்கு மேற்பட்டவை 1859-இல் கப்பலேறி இன்றும் இலண்டனில் இருக்கின்றன. காத்தவர் கையே பிரித்தும் விட்டது. ஒரு தூபியின் ஒரு பாதி சென்னையிலும் மறுபாதி இலண்டனிலும் நிற்க, அமராவதியில் மேடு எஞ்சியது.

இரண்டாம் நன்மை, ஒப்பிட்டுக் கற்கச் செய்தல். நம் நாட்டுச் செப்புத் திருமேனிகளிற் பெரும்பாலானவற்றில் ஆண்டு பொறிக்கப்படவில்லை. மெழுகில் உருச்செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை வார்ப்பது நம் சிற்பியர் முறை. வார்த்த பின் மண்கருவை உடைத்தாலன்றித் திருமேனி வெளிவாராது. ஆகலின் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. இவற்றுள் முந்தியது எது, பிந்தியது எது என்பதை எங்ஙனம் அறிவது? பலவற்றை ஓரிடத்தில் நிறுத்தி, முகத்தின் வடிவையும், ஆடையின் மடிப்பையும், அணிகலன்களின் அமைப்பையும் ஒப்பிட்டே அறிதல் கூடும். சென்னைக் காட்சிசாலைத் திருமேனிகளைக் கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் இவ்வாறு ஆராய்ந்து 1932-இல் வெளியிட்ட அட்டவணை, பின்வந்த ஆராய்ச்சியாளர்க்கு வழிகாட்டியாயிற்று. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் திருமேனியும் திருவாலங்காட்டு நடராசர் திருமேனியும் ஒரே கூரையின்கீழ் நிற்பதால், ஒரு பிற்பகலில் நாம் கற்பது ஓராண்டு நூற்கல்விக்கு ஈடாகும்.

இந்நன்மைக்கு நாம் கொடுக்கும் விலை யாது? காட்சிசாலையில் நிற்கும் திருமேனியின் பீடத்தை உற்று நோக்குக. அதிலே துளைகளும் வளையங்களும் உள்ளன. அவை அழகுக்காக அமைந்தனவல்ல. திருவிழா நாளில் கழிகளைச் செலுத்தி, அடியார்கள் தோளிற் சுமந்து வீதி வலம் வருவதற்காகச் சிற்பி அமைத்தவை. கோயிலில் அத்திருமேனி பட்டாலும் மலராலும் மூடப்பட்டிருக்கும். முகமன்றிப் பிற காண்டல் அரிது. காட்சிசாலையிலோ வளைந்த இடையும் விரல்களின் நெகிழ்ச்சியும் முழுதும் புலப்படுகின்றன. சிற்பியின் திறம் இங்கு வெளிப்படுகின்றது. சிற்பி எதற்காகச் செய்தானோ அது இங்கு மறைகின்றது. நடக்கப் பிறந்தது நின்றுவிட்டது. 'செத்த காலேஜ்' என்ற பெயரின் உண்மை இப்பீடத் துளைகளில் இருக்கின்றது.

யான் கிறிஸ்தவன். திருமேனிகளை வணங்கும் வழக்கம் என் குடும்பத்தில் இல்லை. காட்சிசாலை இல்லையேல் இக்கலைச் செல்வத்தை அணுகி நின்று காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியிராது. அதற்கு யான் நன்றியுடையேன். ஆயின் அதனாலேயே, என் கண்ணுக்குக் கலையாய்த் தோன்றுவது அவ்வூரார் நெஞ்சில் இறைவனாய் விளங்குவதை மறத்தல் எனக்குத் தகாது. நம் ஊர்த் தேவாலயத்துத் திருவிருந்துக் கிண்ணத்தை யாரேனும் களவாடி, கடல்கடந்த நகரொன்றிற் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'என்னே வெள்ளி வேலையின் நேர்த்தி!' என்று புகழ்ந்தால், முழந்தாளிட்டு அக்கிண்ணத்திற் பருகிய நம் பாட்டிமார் அப்புகழ்ச்சியால் ஆறுதல் அடைவரோ? பிறர்க்குற்றதைத் தமக்குற்றதாக எண்ணிப் பார்ப்பதே இவ்வழக்கில் நீதிக்கு வழி.

இந்நீதி வேண்டப்படும் வழக்குகள் பல. தஞ்சை நாட்டுப் பத்தூரில் 1976-இல் மண்ணுள்ளிருந்து கிடைத்த நடராசர் திருமேனி களவிற் கைமாறி இலண்டன் சேர்ந்தது. நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பாழடைந்து கிடந்த கோயிலுக்கும் தன் பொருளைக் கேட்கும் உரிமையுண்டு என்பதை ஆங்கில நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். 1991-இல் திருமேனி நாடு திரும்பியது. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் களவுபோய், 2008-இல் ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடத்தால் ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட விலைக்கு வாங்கப்பட்டது, 2014-இல் திரும்பியது. விலை கொடுத்தோர் கள்வரல்லர். ஆயினும் வாங்குவார் இன்றேல் களவாடுவாரும் இல்லை. 'இது எங்கிருந்து வந்தது?' என்ற வினாவை அழுத்திக் கேளாமல் வாங்குவோன், அறிந்தோ அறியாமலோ கோயிற் பூட்டின்மேல் விழும் சுத்தியலுக்குப் பிடி ஆகின்றான்.

ஸ்ரீபுரந்தான் திருமேனியை மீட்க உதவியது யாது? வாளன்று; ஒரு நிழற்படம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராய்ச் சென்று கோயில் திருமேனிகளைப் படமெடுத்துக் குறிப்பெழுதி வைத்திருந்தனர். கலைக்கூடத்தில் நிற்பதும் படத்தில் நிற்பதும் ஒன்றே என்று அப்படம் சான்று பகர்ந்தது. ஆக்ஸ்போர்டிலுள்ள அஷ்மோலியன் காட்சிசாலை 1967-இல் வாங்கிய திருமங்கையாழ்வார் திருமேனியின் வரலாறும் இத்தகையதே. கும்பகோணத்தை அடுத்த கோயிலில் 1957-இல் எடுக்கப்பட்ட படம் உண்மையை வெளிப்படுத்த, அதனைத் திருப்பியளிக்க அப்பல்கலைக்கழகம் 2024-இல் உடன்பட்டது. ஐயம் எழுந்தபோது காட்சிசாலையாரே முன்வந்து நம் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவித்தனர் என்பதையும் பாராட்டிக் கூறல் வேண்டும். தன்னிடமுள்ளது தன்னதன்று என்று அறிந்தவுடன் வாய்திறப்பது எளிய அறமன்று.

இவற்றால் யான் துணிவது இது: சேர்த்தலின் உயிர் பொருளில் மட்டும் இல்லை, பொருளோடு சேர்த்து எழுதப்படும் குறிப்பில் இருக்கின்றது. தமிழ் பயிலும் நமக்கு இவ்வுண்மை புதிதன்று. முதலும் இறுதியும் சிதைந்த ஏடு கிடைத்தால் ஆசிரியர் யார், நூற்பெயர் யாது என்று நாம் திகைக்கின்றோம். ஊர்ப்பெயர் இழந்த திருமேனியும் அத்தகைய ஏடே. மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் அலைந்து சுவடிகளைத் திரட்டினார். ஆற்றில் விடப்பட்டும் நெருப்பில் இடப்பட்டும் ஏடுகள் அழிந்துகொண்டிருந்த காலம் அது. அவர் திரட்டியதோடு நின்றிருந்தால் ஒரு செல்வர் வீட்டுப் பெட்டகமே நிரம்பியிருக்கும். ஒரு நூலுக்குப் பல படிகளைத் தேடி, ஒப்பிட்டு, எங்கே கிடைத்தது, யார் உதவினார் என்று முகவுரையில் எழுதி, 1887-இல் சீவக சிந்தாமணி தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாய் அச்சேற்றினார். பெட்டியில் இருந்தது நாட்டிற்குக் கிடைத்தது.

அவர்க்கு நெடுங்காலம் முன்னரே, 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரும் தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708-ஆம் ஆண்டளவில், தாம் பெற்ற நூல் ஒவ்வொன்றும் எதைப்பற்றியது என்று விளக்கி அட்டவணை ஒன்றும் எழுதினார். அவர் வைத்திருந்த தொகுதி இன்று முழுமையாக இல்லை, அட்டவணை இருக்கின்றது. முந்நூறு ஆண்டுகட்குமுன் ஒரு கடற்கரையூரிலே தமிழ் மக்கள் எவ்வெந் நூல்களைக் கற்றனர் என்பதை அதனால் அறிகின்றோம். பொருளைக் கறையான் தின்றாலும், குறிப்பு நிலைத்தால் அறிவு நிலைக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இப்போது நம் நாட்டிற்குள் எழும் ஒரு வினாவைக் கூசாமற் கேட்டல் வேண்டும். மீண்டுவந்த திருமேனிகள் எங்கே செல்கின்றன? சில தம் கோயில் சேர்கின்றன. ஆயிரக்கணக்கான திருமேனிகளோ, களவுக்கு அஞ்சிச் சிற்றூர்க் கோயில்களிலிருந்து கொணரப்பட்டு, திருவாரூரிலும் பிறவிடங்களிலும் உள்ள உலோகத் திருமேனிகள் பாதுகாப்பு மையங்களிற் பூட்டிய அறைகளில் வைக்கப்பட்டுள்ளன. விழாக் காலத்திற் சில தம் ஊர் சென்று மீள்வதுண்டு. களவு மலிந்த நாட்டில் இஃது இன்றியமையாத காவல் என்பாரை யான் மறுக்கவில்லை. ஆனால் பக்தனும் வணங்காமல், மாணவனும் கற்காமல், சிற்பியும் காணாமல், இருட்டில் நெருக்கி நிறுத்தப்பட்ட திருமேனிக்குக் காவல் என்ன பயன் தரும்? காட்சிசாலையில் வைத்தால் பாதி உயிராவது நிற்கும். இருட்டறையில் அதுவும் இல்லை. நாம் பிறநாட்டாரிடம் 'எம் பொருளைத் தருக' என்று கேட்கும் குரலுக்கு, 'தந்தால் நீவிர் என்செய்வீர்?' என்ற மறுமொழி வாராதிருக்க வேண்டுமாயின், நம் இல்லத்தை நாம் ஒழுங்கு செய்தல் வேண்டும்.

'காப்பாற்ற வலியற்றோரிடம் திருப்பித் தருவதேன்? எம்மிடமே பாதுகாப்பாய் இருக்குமே' என்று மேனாட்டார் சிலர் வாதிப்பர். இவ்வாதம் பொருந்தாது. அயலான் வீட்டுக் கதவு வலியற்றதென்பது அவன் பசுவை நம் தொழுவத்திற் கட்டுவதற்கு உரிமையாகாது. களவுபோனது திரும்பியே தீரல் வேண்டும். அதற்கு நிபந்தனை இல்லை. ஆனால் திரும்பிய பின் அதனைப் பேணுதல் நம் கடமை. அதற்கும் விலக்கு இல்லை. கோயிலும் வழிபாடும் நிலைத்துள்ள ஊருக்கு, வலிய கதவும் காவலும் அமைத்துத் திருமேனியை அனுப்புக. ஊரே அழிந்து கோயில் இன்னதென்று அறியப்படாத திருமேனிகளைக் காட்சிசாலைகளில், யாவரும் காண, ஊர்ப்பெயரும் கிடைத்த ஆண்டும் நல்ல தமிழில் எழுதி நிறுத்துக. பீடத்துத் துளைகள் எதற்கென்றும் இரண்டு வரி எழுதுக. அவ்விரண்டு வரியைப் படிக்கும் சிறுவன் உள்ளத்தில் அத்திருமேனி ஒருமுறையேனும் வீதியுலா வரும்.

நம் கடமை யாது? பெருங்காட்சிசாலைகளை ஆளும் அதிகாரம் நமக்கில்லை. ஆனால் நம் கல்லூரித் தமிழ்த்துறை அலமாரியில், பழைய மாணவர்கள் அன்போடு அளித்த ஏடுகளும் காசுகளும் உள்ளன. அவற்றுட் பல, யார் அளித்தது, எவ்வூரில் கிடைத்தது என்ற குறிப்பின்றி இருக்கின்றன. அளித்தோர் பலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவப் பெரியோர்களை யான் பணிந்து கேட்பது இதுவே: தாங்கள் அளித்த பொருளைப்பற்றி நினைவிலுள்ளதை ஓரஞ்சலட்டையிலேனும் எழுதியனுப்புக. மாணவத் தோழர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது நும் ஊர்க் கோயிலின் கல்வெட்டையும், தேவாலயத்தின் பழைய மணியையும், கல்லறைத் தோட்டத்து எழுத்துகளையும், பள்ளிவாசலின் மரவேலைப்பாட்டையும், உரியவரின் இசைவு பெற்றுப் படமெடுத்து, நாளும் இடமும் குறித்து வைம்மின். கையிலுள்ள தொலைபேசியே இன்று படக்கருவியாயிற்று. ஆதலின் பொருட்செலவு என்று கூறித் தப்ப வழியில்லை. ஒன்றையும் பெயர்த்துக் கொணர வேண்டா. இருந்த இடத்தில் இருக்கவிட்டு, இருந்தமைக்குச் சான்று மட்டும் சேர்மின். அத்தகைய படம் ஒன்றே ஸ்ரீபுரந்தான் நடராசரை மீட்டது என்பதை மறவற்க.

தனக்கெனச் சேர்ப்பவன் இறக்கும்போது அவன் தொகுதி ஏலத்திற்கு வருகின்றது. பிறர்க்கெனச் சேர்ப்பவன் இறந்த பின்னரே அவன் தொகுதி வாழத் தொடங்குகின்றது. அரும்பொருள்கள் எவர் கையிலிருப்பினும், அவர் உடையவரல்லர். முன்னோர்க்கும் பின்னோர்க்கும் இடையே நின்று காக்கும் பொறுப்பாளரே. வந்த வழியை மறையாது கூறி, வந்தோர்க்கெல்லாம் கதவைத் திறந்து, உரியவர் கேட்டபோது மனமுவந்து அளிக்கும் பொறுப்பாளர் பெருகுவாராயின், செத்த காலேஜ் என்னும் பெயர் தானே வழக்கொழியும்.